வேம்பி எண்ணிய புகை

வாருங்கள், உட்காருங்கள். பின்னால் நிற்பவர்களும் முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது.

நாலு ஊருக்கு ஓர் அரசன், அரசனுக்கு ஒரு கோட்டை என்று நாடு துண்டு துண்டாகக் கிடந்த காலம் அது. அப்போது கடம்பவாய் என்றொரு கோட்டை இருந்தது. ஆதிராயன் என்ற அரசன் அதை ஆண்டான். ஆனால் இது ஆதிராயன் கதை இல்லை. அவன் கோட்டையின் மேற்கு வாசலை ஒட்டி ஒரு சத்திரம் இருந்தது. அங்கே உலை வைத்துச் சோறு வடித்தாளே வேம்பி, அவளுடைய கதை.

சத்திரத்துக்கு யார் யாரோ வருவார்கள். வழிப்போக்கர் வருவார்கள், வேலை தேடி வந்தவர்கள் வருவார்கள், வீட்டில் ஒன்றும் இல்லாதவர்களும் வருவார்கள். ஒரு நாள் முந்நூறு பேர், ஒரு நாள் ஐந்நூறு பேர், திருவிழா என்றால் ஆயிரம். எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

வேம்பி என்ன செய்வாள் தெரியுமா? காலையில் சத்திரத்து வாசலுக்கு வருவாள். கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்ப்பாள். விரல் மடக்க மாட்டாள், உதட்டை அசைக்க மாட்டாள். உள்ளே போவாள்.

“முந்நூற்றுப் பதினாறு பேர்” என்பாள். “அதில் நாற்பது குழந்தைகள். தூணோரம் நிற்கிற ஆறு பேர் நேற்றும் சாப்பிடவில்லை, அவர்களுக்கு இரண்டு பங்கு வேண்டும்.”

அதற்கேற்ப அரிசி போடுவாள். பந்தி முடியும்போது அண்டாவில் சோறு தீர்ந்திருக்கும். பசியோடு எழுந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வேம்பியை ஒருவரும் பாராட்டவில்லை. குறை வந்தால்தானே ஊர் பேசும்? குறையே வராத இடத்தில் பேச என்ன இருக்கிறது?

அவள் புருஷன் சாத்தன் சத்திரத்துக்கு விறகு வெட்டிப் போடுகிறவன். நல்லவன், பலசாலி. அவனிடம் ஒரு நாள் கேட்டாள்: “நான் பார்த்தவுடன் எண்ணிக்கை சொல்கிறேனே, அது எப்படி?”

“கைப்பழக்கம்” என்றான் சாத்தன். கோடரியைத் தீட்டிக்கொண்டே சொன்னான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சத்திரத்து மணியக்காரர் ஏகாம்பரத்திடம் கேட்டாள். “குருட்டு அதிர்ஷ்டம்” என்றார் அவர்.

தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள். “இதென்ன பெரிய விஷயம், எல்லாருக்கும் வருவதுதானே” என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

பார்த்தீர்களா? மற்ற இரண்டு பேர் சொன்னதைவிட இந்த மூன்றாவது பதில்தான் அவளைப் பன்னிரண்டு வருஷம் கட்டிப்போட்டது.

ஒரு மாசி மாதம் வேம்பி காய்ச்சலில் படுத்தாள். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. மணியக்காரரே சமையற்கட்டில் வந்து நின்றார். கையில் ஓர் ஓலை வைத்திருந்தார். நாலு பேருக்கு ஒரு படி அரிசி என்று அதில் எழுதியிருந்தது.

முதல் நாள் சோறு போதவில்லை. கடைசிப் பந்தியில் அடிதடி ஆகி ஒருவனுக்கு மண்டை உடைந்தது.

இரண்டாம் நாள் அள்ளிப் போட்டார்கள். நாலு அண்டாச் சோறு மிஞ்சிப் புளித்தது.

மூன்றாம் நாள் மறுபடியும் போதவில்லை. நிறைமாத வயிற்றோடு வந்த ஒருத்தி வெறும் இலையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இலையை மடித்து வைத்து எழுந்து போனாள்.

நாலாம் நாள் வேம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உடன் சமைக்கிற பெண்கள் நடந்ததையெல்லாம் சொன்னார்கள்.

“நீங்கள் ஏன் வாசலில் போய்ப் பார்க்கவில்லை?” என்று கேட்டாள் வேம்பி.

“பார்த்தோமே.”

“பார்த்தும் தெரியவில்லையா?”

“கூட்டம் தெரிந்தது. எத்தனை பேர் என்று எப்படியம்மா தெரியும்?”

வேம்பி அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சலால் வந்த தளர்ச்சி இல்லை அது. இவ்வளவு நாளும் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கிணறு இருந்ததை அன்றைக்குத்தான் கண்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்தக் கர்ப்பிணியை நினைத்துக் கண்ணில் நீரும் வந்தது.

‘இது எல்லாருக்கும் வராது’ என்று நினைத்தாள். ‘இது என்னிடம் இருக்கிறது.’

மறுநாளிலிருந்து வேம்பி ஒரு காரியம் செய்தாள். சத்திரத்தின் பின்புறத்திலிருந்து கோட்டை மதிலுக்கு ஒரு படிக்கட்டு போகும். உலை கொதிக்கிற நேரத்தில் அவள் அதில் ஏறி மதில்மேல் நின்றாள். மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டு மந்தையைப் பார்த்து மனதில் ஓர் எண் சொல்லிக்கொள்வாள். பிறகு இடையனிடம் கேட்பாள். ஏரியில் இறங்கும் கொக்குகளைப் பார்ப்பாள். சந்தைக்கு வரும் வண்டிகளைப் பார்ப்பாள். முதலில் நிறையத் தப்பு வந்தது. தூரத்தில் இருப்பதைக் குறைத்து எண்ணினாள், ஓடுவதைக் கூட்டி எண்ணினாள். தப்பு வந்தால் அது ஏன் வந்தது என்று சோறு வடிக்கும்போது யோசிப்பாள். மறுநாள் மறுபடியும் ஏறுவாள்.

மேலே நிற்கும்போது ஊர் முழுவதும் சமைக்கிற புகை தெரியும். அதையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அதுவும் பேச ஆரம்பித்தது. பானை ஏறிய அடுப்பில் புகை முட்டிச் சிதறிப் பக்கவாட்டில் வரும். சோறு வெந்ததும் விறகை இழுத்துவிடுவார்கள், புகை மெலியும். ஆனால் சில வீடுகளில் புகை நேராக மேலே போனது. கடைசிவரை மெலியவே இல்லை. இதென்ன என்று ஒரு நாள் அப்படியொரு வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே பானை இல்லை. வீட்டில் அரிசி இல்லை என்பது அக்கம்பக்கத்தில் தெரியக்கூடாது என்று அந்த வீட்டுக்காரி வெறும் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தாள்.

வேம்பி திரும்பி வந்து, ஒரு சட்டிச் சோற்றை இலை போட்டு மூடி எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஊரில் எந்த வீட்டில் வெறும் அடுப்பு எரிந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மணியக்காரருக்கு இது பிடிக்கவில்லை.

“சமைக்கிறவளுக்கு மதில்மேல் என்ன வேலை?” என்றார்.

“எண்ணிப் பழகுகிறேன், ஐயா.”

“எண்ணுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நீ யார் என்று உனக்கு நினைப்பு?”

“எண்ணத் தெரிந்தவள் என்று நினைப்பு” என்றாள் வேம்பி.

அவருக்கு முகம் சிவந்தது. “இனிமேல் என் ஓலைப்படிதான் அரிசி போட வேண்டும். மதில் ஏறினால் சத்திரத்தில் வேலை கிடையாது.”

“பசித்தவர்கள் ஓலையைப் பார்த்துவிட்டா வருகிறார்கள்? கண்ணால் பார்த்துத்தான் அரிசி போடுவேன். வேண்டாமென்றால் இப்போதே போகச் சொல்லுங்கள். இன்றைக்குப் பந்திக்கு நானூற்று எழுபது பேர் நிற்கிறார்கள். உங்கள் ஓலையை வைத்து நீங்களே பரிமாறுங்கள்.”

மணியக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். மாசி மாதத்து அடிதடி அவருக்கு ஞாபகம் வந்தது. ஓலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வேம்பி மறுநாளும் மதில் ஏறினாள்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று.

மூன்றாம் வருஷம், அறுவடை முடிந்த சமயம், மேற்கு மலையிலிருந்து சிங்கவேள் என்ற அரசன் படையெடுத்து வந்தான். கோட்டைக்கு மேற்கே உள்ள பெரிய வெளியில் இறங்கினான். காலையில் ஊர்ச் சனம் மதிலில் ஏறிப் பார்த்தபோது வெளி முழுக்கப் புகை. கண்ணுக்கு எட்டியவரை அடுப்பு, அடுப்பு, அடுப்பு.

சிங்கவேளிடமிருந்து தூதன் வந்தான். “மூன்றாம் நாள் காலை கோட்டைக் கதவைத் திறக்க வேண்டும். எங்கள் மலையில் கல் உடைக்க முந்நூறு ஆண்களை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரு வீடு மிஞ்சாது” என்றான்.

அந்த மலைக்குக் கல் உடைக்கப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

தளபதி கலியன் ஒற்றர்களை அனுப்பினான். அவர்கள் தூரத்தில் இருந்தே அடுப்புகளை எண்ணிவிட்டு வந்தார்கள். “பத்தாயிரம் அடுப்பு” என்றார்கள். அடுப்புக்குப் பத்துப் பேர் என்றால் ஒரு லட்சம் பேர். ஆதிராயனிடம் இருந்ததோ நாலாயிரம் வீரர்கள். அமைச்சர் திருமேனியார் “பணிந்துவிடுவோம்” என்றார். அரசன் சரியென்று தலையை ஆட்டினான்.

முந்நூறு பேரின் பெயரை எடுத்தார்கள். உடம்பில் பலம் உள்ளவனாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். சாத்தன் பெயரும் அதில் இருந்தது.

அன்று சாத்தன் வீட்டுக்கு வந்து கோடரியை மூலையில் வைத்தான். “நல்ல கோடரி. யாருக்காவது கொடுத்துவிடு” என்றான்.

“பேசாமல் இரு” என்றாள் வேம்பி. அவள் மனம் வேறெங்கோ இருந்தது. காலையில் மதிலில் நின்று அந்தப் புகையைப் பார்த்ததிலிருந்து ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. கல் கலந்த அரிசியைக் கையில் அள்ளினால் உறுத்துமே, அப்படி.

இரண்டாம் நாள் காலை மறுபடியும் மதில் ஏறினாள். ஊரே அழுதுகொண்டிருக்க, அவள் மட்டும் வெயில் ஏறும்வரை அங்கே நின்றாள். இறங்கும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேற்கு வாசல் காவலரிடம் சொன்னாள். சிரித்தார்கள். தளபதியைப் பார்க்கப் போனாள். உள்ளே விடவில்லை. மணியக்காரரிடம் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். “வாயை மூடு. அரசர் முடிவு செய்துவிட்டார். நீ ஏதாவது உளறினால் எனக்கும் சேர்த்துத் தலை போகும்!”

வேம்பி வாயை மூடவில்லை.

அன்று மத்தியானம் அரசனே குதிரையில் மேற்கு வாசலுக்கு வந்தான், போகப்போகிற முந்நூறு பேரையும் பார்த்து விடைகொடுக்க. தாயும் தகப்பனும் பெண்டாட்டி பிள்ளைகளும் சுற்றி நின்று அழுதார்கள். வேம்பி சத்திரத்திலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அரசனின் குதிரைக்கு முன்னால் போய் நின்றாள். புடவையெல்லாம் கரி.

“மகாராஜா, அங்கே ஒரு லட்சம் பேர் இல்லை. மூவாயிரம் பேர்தான் இருக்கிறார்கள்.”

அழுகை நின்றது. காவலர்கள் ஓடி வந்தார்கள். அரசன் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினான்.

“யார் நீ?”

“சத்திரத்தில் சோறு வடிக்கிற வேம்பி.”

“மூவாயிரம் என்று உனக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. பார்த்தேன். அங்கே எரிகிற பத்தாயிரம் அடுப்பில் முந்நூறு அடுப்பில்தான் சமையல் நடக்கிறது. மற்றதெல்லாம் வெறும் அடுப்பு. சோறு வெந்தால் விறகை இழுப்பார்கள், புகை மெலியும். முந்நூறில் மெலிந்தது, மற்றதில் மெலியவில்லை. அது ஒன்று. சாப்பிடுகிற இடத்துக்குக் காக்கை வரும். வடமேற்கு மூலையில் மட்டும்தான் காக்கை இறங்குகிறது. அது இரண்டு. தண்ணீர்க் குடம் போவதும் அந்த மூலைக்கு மட்டும்தான். ஒரு லட்சம் பேர் இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமலா இருக்கிறார்கள்? அது மூன்று.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அமைச்சர் திருமேனியார் முன்னால் வந்தார். “புருஷனைப் பிரிகிற துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, மகாராஜா. ஒற்றர்களுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரியும்?”

“என்னைச் சோதித்துப் பாருங்கள்” என்றாள் வேம்பி. “இங்கே நிற்கிற கூட்டத்தை எண்ணச் சொல்லுங்கள்.”

“எண்ணு” என்றான் அரசன்.

வேம்பி இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தாள். “தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு.”

தளபதி கலியன் எல்லாரையும் சத்திரத்து வாசல் வழியாக ஒவ்வொருவராகப் போகவிட்டு எண்ணினான். வயதானவர்கள், இடுப்பில் இருந்த குழந்தைகள், மணியக்காரர், அமைச்சர், காவலர்கள் எல்லாரையும் எண்ணினான். கடைசியில் தன்னையும் சேர்த்துக்கொண்டான்.

“தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று” என்றான்.

அமைச்சர் சிரித்தார். மணியக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். சாத்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

“தளபதி ஒருவரை விட்டுவிட்டார்” என்றாள் வேம்பி.

“யாரை?” என்று சீறினான் கலியன்.

வேம்பி குதிரைமேல் இருந்த அரசனைக் காட்டினாள். “இவரை. வயிறு இருக்கிற எல்லாரையும் எண்ணித்தான் எனக்குப் பழக்கம். அரசர் என்று இவரை ஒதுக்கத் தெரியவில்லை.”

ஆதிராயன் அவளையே பார்த்தான். பிறகு குதிரையிலிருந்து இறங்கினான்.

“நீ சொல்வது தப்பாக இருந்தால்?” என்று கேட்டான். குரல் தணிந்திருந்தது. “நாலாயிரம் பேரும் செத்துப் போவார்கள். ஊர் எரியும்.”

“நான் முன்னால் போகிறேன். தப்பாக இருந்தால் முதலில் சாகிறவள் நான். நாளைக் காலை சோறு வடிக்கிற நேரத்தில் தென்பக்கமாகப் போவோம், அங்கே படை கிடையாது. அடுப்பில் பானை இருந்தால் என்னை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்துகொடுங்கள்.”

“குதிரை ஏறுவாயா?”

“தெரியாது. விறகு வண்டி இருக்கிறது.”

மூன்றாம் நாள் காலை விறகு வண்டி புறப்பட்டது. சாத்தன் மாட்டை ஓட்டினான், வேம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் கலியனும் இருநூறு குதிரை வீரர்களும் வந்தார்கள். மேற்கு வாசலுக்குள் மற்ற வீரர்கள் ஆயுதத்தோடு காத்து நின்றார்கள்.

வேம்பிக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். அவள் வண்டிக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ‘ஒருவேளை வெறும் கைப்பழக்கம்தானோ? குருட்டு அதிர்ஷ்டம்தானோ?’ என்று பழைய குரல்கள் எல்லாம் வந்தன. அவள் தலையை நிமிர்த்திப் புகையைப் பார்த்தாள். புகை நேராக எழுந்தது, மெலியவில்லை. நேற்றுப் பார்த்ததும் அதுதான், இன்று பார்ப்பதும் அதுதான். ‘நான் பார்த்தது சரி’ என்று சொல்லிக்கொண்டாள். பயம் போகவில்லை. ஆனால் “வண்டியைத் திருப்பு” என்று அவள் சொல்லவும் இல்லை.

முதல் அடுப்பு வந்தது. மூன்று கல், எரிகிற கட்டை. பானை இல்லை.

அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. வரிசை வரிசையாக வெறும் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. வரிசைக்கு ஒருவராகச் சிலர் மட்டும் விறகுக்கட்டைச் சுமந்து அடுப்புக்கு அடுப்பு ஓடிக்கொண்டிருந்தார்கள். குதிரைகளைப் பார்த்ததும் கட்டைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

கலியன் குதிரையை நிறுத்தினான். அந்த வெறும் அடுப்புகளைப் பார்த்தான். வண்டியில் இருந்தவளைப் பார்த்தான். கொம்பை எடுத்து ஊதினான்.

கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே நின்ற வீரர்கள் எல்லாரும் வெள்ளம்போல வந்தார்கள். வடமேற்கு மூலையில் சிங்கவேளின் மூவாயிரம் பேர் இலை போட்டுச் சோற்றில் கைவைத்திருந்தார்கள். ஆயுதம் எடுக்கக்கூட அவர்களுக்கு நேரம் இல்லை. உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்தது. சிங்கவேள் செருப்புக்கூட இல்லாமல் மலைப்பக்கம் ஓடினான்.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? உட்காருங்கள். பெரிய சண்டை இனிமேல்தான்.

ஊர் கொண்டாடியது. முந்நூறு பேரும் வீட்டுக்குப் போனார்கள். வேம்பி திரும்பி வந்தபோது சனங்கள் அவள் காலில் விழுந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை நீட்டி, “தாயே, திருநீறு போடு” என்றாள்.

“என்ன இது? எழுந்திருங்கள்!” என்றாள் வேம்பி.

நடந்தது இதுதான். அமைச்சர் திருமேனியார் ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டார்: “கோட்டையம்மன்தான் அவள் வாயால் பேசினாள். ஒன்றும் அறியாத ஒரு சமையல்காரியின் உடம்பில் இறங்கி அம்மன் நம்மைக் காத்தாள்.” அரசனுக்கும் அந்தப் பேச்சு இதமாக இருந்தது. அம்மன் சொல்லைக் கேட்டான் என்றால் பெருமை. சோறு வடிக்கிறவள் சொல்லைக் கேட்டான் என்றால் நாளைக்கு மற்ற அரசர்கள் சிரிப்பார்கள். மேற்கு வாசலில் ஒரு கல்லை நட்டு, அமைச்சர் சொன்னதையே பொறிக்கச் சொன்னான்.

வேம்பி அரசனிடம் போனாள்.

“மகாராஜா, அம்மனை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் புகையை நான் எண்ணினேன். பதினைந்து வருஷம் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தவள் நான். மூன்று வருஷம் திட்டு வாங்கிக்கொண்டு மதில் ஏறியவள் நான். விறகு வண்டியில் பயந்துகொண்டு போனவளும் நான்தான்.”

“உனக்குப் பெருமைதானே சேர்க்கிறோம்” என்றான் அரசன். “வேண்டுமானால் உனக்கு ஒரு வீடும் நிலமும் தருகிறேன். பேசாமல் இரு.”

“வீடு இருக்கிறது. என் கண்ணை என்னுடையது என்று சொல்லுங்கள், அது போதும்.”

அரசன் கோபத்தோடு எழுந்து போய்விட்டான்.

கல்தச்சன் உளியை எடுத்தபோது வேம்பி கல்லின்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். “என் கையை வெட்டிவிட்டுப் பிறகு எழுது” என்றாள். கல்லுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாள் மணியக்காரர் வந்தார். “வேலையிலிருந்து நீக்குவேன்” என்றார். “நீக்குங்கள்” என்றாள்.

இரண்டாம் நாள் அமைச்சர் வந்தார். “அம்மனோடு போட்டி போடுகிறாயா? ஊர் உன்னை வெறுக்கும்” என்றார். “வெறுக்கட்டும்” என்றாள்.

மூன்றாம் நாள் சாத்தன் வந்தான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: “இவள் என்னிடம் ஒரு நாள் கேட்டாள், இது எப்படி என்று. கைப்பழக்கம் என்று சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு நான் மலையில் கல் உடைக்காமல் இங்கே நிற்கிறேன் என்றால் அது இவள் கண்ணால்தான். அதற்கு வேறு பெயர் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.” சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பிறகு, போகவிருந்த முந்நூறு பேரில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். இன்னொருவன் வந்தான். மத்தியானத்துக்குள் முந்நூறு பேரும், அவர்கள் வீட்டாரும் அந்தக் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தளபதி கலியனும் வந்தான். அவன் உட்காரவில்லை. ஆனால் அமைச்சர் பக்கம் போகாமல் வேம்பிக்குப் பின்னால் போய் நின்றான்.

கடைசியில் அரசன் வந்தான்.

“என்னதான் எழுத வேண்டும் என்கிறாய்?”

“‘வேம்பி பார்த்தாள். வேம்பி எண்ணினாள். வேம்பி சொன்னாள்.’ இவ்வளவுதான்.”

“அம்மன் பெயர் இல்லாமலா?”

“அம்மன் பெயரை முதல் வரியில் போடுங்கள். என் பெயரை அடுத்த வரியில் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். இன்றைக்கு என் கண்ணை அம்மன் கண் என்று சொல்லிவிட்டால், நாளைக்கு இங்கே ஒருத்தி எதையாவது பார்த்துச் சொல்லும்போது, ‘உனக்குச் சாமி வந்திருக்கிறதா?’ என்று கேட்பீர்கள். இல்லை என்று அவள் உண்மையைச் சொன்னால் விரட்டிவிடுவீர்கள்.”

ஆதிராயன் அங்கே உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தான். குதிரையிலிருந்து தான் இறங்கி நின்ற அந்த மத்தியானத்தை நினைத்தான். அன்றைக்குத் தான் கேட்டது யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியும்.

“அவள் சொல்கிறபடி எழுது” என்றான் கல்தச்சனிடம்.

தச்சன் அன்று மாலைக்குள் எழுதி முடித்தான். வேம்பிக்கு எழுத்துத் தெரியாது. “என் பெயர் எது?” என்று கேட்டாள். தச்சன் காட்டினான். அவள் விரலை அந்த எழுத்துகளின்மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இங்கே பள்ளம் போதவில்லை, ஐயா. இரண்டு மழையில் அழிந்துவிடும்” என்றாள். “இன்னும் ஆழமாக வெட்டுங்கள்.”

தச்சன் உளியை மறுபடியும் எடுத்தான். அவன் வெட்டி முடிக்கும்வரை அவள் நகராமல் நின்றாள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: உன்னிடம் உள்ள திறமையைத் திறமை என்று முதலில் நீ ஒப்புக்கொள்; தினமும் அதற்கு வேலை கொடுத்து வளர்; வேறு பெயர் சொல்லி அதைப் பறிக்க யார் வந்தாலும் விட்டுக்கொடுக்காதே.